பிரெஞ்சு வாத்தியார் வீட்டுக்குத் தட்டு எடுத்துப் போனோம்

எங்கள் வீட்டில் யாரையும் வெறுங்கையோடு பார்க்கப் போகிற வழக்கம் கிடையாது. ஆஸ்பத்திரி என்றால் ஆப்பிள், சாவு வீடு என்றால் மாலை, ஒருவரிடம் போய்ப் பாடம் கேட்கப்போகிறோம் என்றால் வெற்றிலை பாக்கோடு பழத்தட்டு. இந்த நல்ல பழக்கம் ஒரு பாவப்பட்ட மனுஷரை என்ன பாடு படுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. ஆம்பூரில் இருந்தோம். அப்பா தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருடைய தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்தபடி ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் வேலை பார்த்தாள். பிரான்ஸிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்களுக்கு மெயில் போடுவது அவள் வேலை. மெயில் போட்டுப் போட்டே பாதி பிரெஞ்சு கற்றாள். மீதியைப் புத்தகம் வாங்கிப் படித்து, இரண்டு மூன்று பரீட்சையும் பாஸ் செய்திருந்தாள். பிரான்ஸில் ஷூ டிசைன் படிக்க ஒரு காலேஜில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. பிரெஞ்சில் பெரிய பரீட்சை ஒன்றைத் தாண்ட வேண்டும். பக்கம் பக்கமாகக் கட்டுரை படித்துச் சுருக்கி எழுத வேண்டும். பிறகு இரண்டு பேர் எதிரில் உட்கார்ந்து அவர்கள் கிளப்புகிற விஷயத்தில் வாதாட வேண்டும். அது கார்த்திகையில் மெட்ராஸில் நடக்கும்.

அப்பாவுக்கும் ஒரே ஒரு நிபந்தனை. "தை பொறந்தா உனக்குக் கல்யாணம். அதுக்குள்ள பரீட்சையோ கிரீட்சையோ முடிச்சுக்கோ" என்றார். பாஸானால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் அவர் காட்டுகிற மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். இருபத்தாறு வயதாகிவிட்டதே என்று ஊரே அவரைக் குடைந்துகொண்டிருந்தது. பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் சொல்லித்தர ஆள் வேண்டுமே! வேலூரில் ஒரு டியூஷன் சென்டர் போர்டில் பிரெஞ்சு என்று எழுதியிருந்தது. நானும் அத்தையோடு போயிருந்தேன். அது ப்ளஸ் டூ பசங்களுக்கு மார்க் வாங்கித் தருகிற பிரெஞ்சு. அத்தை பத்து நிமிஷம் பேசியதும் அந்த சார் வேர்த்துப்போய், "மேடம், ஞாயித்துக்கிழமை நீங்க ஃப்ரீயா? இங்க கிளாஸ் எடுக்க ஆளில்ல" என்று அவளையே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். காட்பாடிப் பக்கத்தில் ஒரு வயசான சிஸ்டர் இருந்தார். அவருக்கு ஜெபம் மட்டும் பிரெஞ்சில் தெரியும். வாரா வாரம் மெட்ராஸ் போய்வருகிறேன் என்று அத்தை கேட்டதற்கு, அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். அத்தை அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

கடைசியில் வழி சொன்னது அவள் கம்பெனியில் கார் ஓட்டுகிறவர். வெள்ளைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரும்போது குடியாத்தத்தில் கார் பஞ்சராகிவிட்டதாம். டீக்கடையில் லுங்கியோடு நின்ற ஒரு ஆள் அந்த வெள்ளைக்காரரோடு அரை மணிநேரம் பிரெஞ்சில் பேசினாராம். "தொர வயித்தப் பிடிச்சுக்கினு சிரிக்கிறாரு மேடம்! பவர்லூம் வெச்சிருக்கற வீட்டுப் புள்ளையாம். பாண்டிச்சேரில பெரிய படிப்பு படிச்சிட்டு, அப்பா செத்ததும் தறியப் பாக்க வந்துட்டாராம்" என்றார்.

அம்மா ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத் தட்டு தயார் செய்தாள். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, மேலே ஆற்காட்டு மக்கன் பேடா அரைக் கிலோ. அப்பா சலவை வேட்டி. அத்தை தலை நிறைய மல்லிப்பூ. மாதனூர் வழியாக பஸ் பிடித்து நாங்கள் நாலு பேரும் போய் அந்த வீட்டு வாசலில் நின்றோம். உள்ளே தறிகள் அடித்துக்கொண்ட சத்தத்தில் ஒருத்தர் பேசுவது ஒருத்தருக்குக் கேட்கவில்லை. வாத்தியாரின் அம்மா வெளியே வந்தார். தட்டைப் பார்த்தார், பூ வைத்த அத்தையைப் பார்த்தார், வேட்டி கட்டிய அப்பாவைப் பார்த்தார். வீட்டிலோ முப்பது வயதில் கல்யாணமாகாத மகன். அவர் வேறு என்ன நினைப்பார்?

"பொண்ணையே கூட்டிக்கினு வந்துட்டீங்களே! எங்களுக்கு ஒரு வேலை மிச்சம்" என்று கத்திச் சொல்லிவிட்டு, கேசரி கிளற உள்ளே ஓடினார்.

அப்பா விளக்கம் சொல்லத்தான் எழுந்தார். அதற்குள் அந்த அம்மா திரும்பி வந்து பூர்வீகம் எது, குலதெய்வம் எது என்று கேட்க, இவர் பதில் சொல்ல, விசாரித்துக்கொண்டே போனதில் எல்லாம் எங்கள் ஜனம்தான் என்று ஆகிவிட்டது. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். சொந்த வீடு, சொந்தத் தறி, ஒரே பிள்ளை. அப்படியே உட்கார்ந்து கேசரியை வாங்கிக்கொண்டார்! வாத்தியார் தேடிப் போனவர் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வாத்தியார் தலையெல்லாம் பஞ்சோடு தறிக் கொட்டாயிலிருந்து வந்தார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தறிகள் நின்றதும் வீடே மிரண்டுபோன மாதிரி அமைதியாகிவிட்டது. "ரெண்டு பேரும் உங்க பிரெஞ்சுல பேசிப் பாருங்களேன், கேப்போம்" என்றார் அவர் அம்மா. அத்தை தலையை நிமிர்த்தி, மூச்சுவிடாமல், நீளமாக ஏதோ பேசினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அவர் கொஞ்சம் பேசினார். அத்தைக்கு முகம் சிவந்தது. பெரியவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

இப்படியாக அத்தைக்கு வாத்தியார் கிடைத்தார். பேச்சுவார்த்தை நடக்கிற இடம், பாடமும் கற்றுக்கொள்ளட்டும் என்று அப்பாவே அனுமதி கொடுத்தார். துணைக்கு நான். சனி ஞாயிறுகளில் கரண்ட் போகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதற்குத் தோதாக பஸ் ஏறுவோம். தறி ஓடும்போது காதில் எதுவும் விழாது. கரண்ட் போனால்தான் பாடம். ஊரெல்லாம் மின்வெட்டைத் திட்டித் தீர்த்த காலத்தில், கரண்ட் சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று சாமி கும்பிட்டவள் என் அத்தை ஒருத்திதான்.

அவர்கள் பேசுவதைக் கவனித்து வந்து சொல்வது எனக்கு அப்பா கொடுத்த வேலை. நல்ல ஆளைத்தான் பிடித்தார்! எனக்கு ஒரு எழவும் புரியாது. பார்க்கச் சண்டை மாதிரி இருக்கும். அத்தை மேஜையைத் தட்டுவாள், அவர் கையை வீசுவார், அவள் மறுபடி ஆரம்பிப்பாள். "நீங்க பேசறது மெயில் மாதிரியே இருக்கு. கோவம் வரணும், கோவம்!" என்று நடுவில் தமிழில் கத்துவார். "ரெண்டு பேரும் பயங்கர சண்டை" என்று நான் வந்து சொன்னதும் அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. அம்மா மட்டும், "முன்னாடியே போட்டுக்கினா பின்னாடி கம்மியா இருக்கும், விடுங்க" என்றாள்.

தேதி குறிக்கிற பேச்சு வரும்போதெல்லாம் அம்மாதான் சமாளித்தாள். ஆடியில் பேசக்கூடாது. ஆவணியில் அவள் பக்கத்து உறவில் ஒரு சாவு. புரட்டாசியிலும் வேண்டாம். ஐப்பசியில் மழை. அவளுக்குப் பஞ்சாங்கம் இவ்வளவு தெரியும் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

எனக்கோ வாத்தியாரை ரொம்பப் பிடித்துப்போனது. மாமா என்று கூப்பிடலாமா என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சார்னே கூப்பிடு கண்ணு, அதுக்கின்னா இப்போ" என்றார். கல்யாணத்துக்கு எனக்குப் பச்சைப் பட்டுப்பாவாடை வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

கார்த்திகையில் அத்தை மெட்ராஸ் போய்ப் பரீட்சை எழுதி வந்தாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன், தெரியவில்லை என்றாள். அடுத்த வாரமே வாத்தியாரின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவே இல்லை. "எந்த மூஞ்சிய வெச்சுக்கினு சொல்றது? பையனுக்குப் புடிக்கலயாம். பொண்ணு வாய் ஜாஸ்தி, சரிப்பட்டு வராதுங்கறான். நானும் அழுது பாத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனார்.

அப்பா ஆடித் தீர்த்துவிட்டார். ஆறு மாசம் பொண்ணை வரவழைத்துவிட்டு இப்படிச் சொல்கிறானே, அவனெல்லாம் ஒரு மனுஷனா என்றார். அத்தை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. என் அத்தையை வேண்டாம் என்று சொல்ல அவர் யார்?

தையில் ரிசல்ட் வந்தது. பாஸ். தெருவிலோ வாத்தியார் வேண்டாம் என்று சொன்ன கதைதான் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேஜாராகிப்போன அப்பா, "இந்த ஊர் பேச்சு அடங்கறவரைக்கும் எங்கயாவது போய்ப் படிக்கட்டும், போ" என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அம்மா அன்று பாயசம் வைத்தாள். இவ்வளவு அவமானத்துக்கு நடுவில் எதற்குப் பாயசம் என்று எனக்கு விளங்கவில்லை.

தட்டோடு போன அன்று அந்த வீட்டில் பிரெஞ்சில் என்ன பேசினார்கள் என்பது வெகுகாலம் கழித்து, அத்தையோடு பேசிய வீடியோ காலில்தான் எனக்குத் தெரியவந்தது. "கல்யாணம் வேண்டாம், எனக்கு இந்தப் பரீட்சை பாஸாகணும், இந்தப் பெரியவங்க தப்பா நினைச்சுக்கிட்டாங்க, உங்களுக்கும் இஷ்டமில்லேன்னா இப்பவே அவங்ககிட்ட சொல்லிடுங்க" என்று கேட்டிருக்கிறாள் அத்தை. அவர் சொன்னாராம்: "சொன்னா உங்களுக்குப் பாடம் நின்னுடும். பரீட்சை வரைக்கும் இப்படியே போகட்டும். முடிஞ்சதும் எனக்குப் புடிக்கலன்னு நானே சொல்லிடறேன். பழி என் மேல இருக்கட்டும்." பெண் வேண்டாம் என்றால் அண்ணன் கையை உடைப்பான், பையன் வேண்டாம் என்றால் ஊர் இரண்டு மாசம் பேசிவிட்டு ஓயும். எங்கள் பக்கத்து நியாயம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அத்தை அதை வந்து அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"அப்போ கதவைச் சாத்திக்கிட்டு அழுதது நடிப்பா அத்தை?" என்று கேட்டேன்.

"பாதி" என்றாள். பிறகு, கடைசி கிளாஸில் அவரிடம், புடிக்கலன்னு சொல்லப்போறது இப்பவும் அப்படியேதானா என்று தான் கேட்டதாகவும், பேச்சு பேச்சுதான் என்று அவர் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

இதெல்லாம் தெரியாத பத்து வயதில், அந்த வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்கு அம்மாவோடு போயிருந்தேன். அத்தைக்கு விசா வந்து, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. அம்மா தேங்காய் வாங்கிக்கொண்டிருக்க, கூட்டத்துக்கு நடுவில் வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டார். நெருக்கிக்கொண்டு வந்து குனிந்தார். நல்லாயிருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"கண்ணு, அத்தைக்கு ரிசல்ட் இன்னா ஆச்சு?"

ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். புடிக்கலை என்று சொன்ன ஆள் எப்படிப் போன் போடுவார்? நாலு மாசமாக அந்த மனுஷர் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருந்திருக்கிறார். எனக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? கிடைத்தது சமயம் என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு, சுற்றி நிற்கிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"பாஸ்! நல்ல மார்க்கு! பிரான்ஸுக்குப் போறாங்க! இனிமே உங்களை மாதிரி ஆளையெல்லாம் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாங்க!"

அவர் உதடு கோணிக்கொண்டு போனது. கண் நிறைந்து தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்காமலே என் தலையில் கைவைத்து, "நல்லது கண்ணு, நல்லது" என்றார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

ஓடிப்போய் அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "அந்த வாத்தியார அழ வெச்சிட்டேன்மா! எல்லார் முன்னாடியும்!" அம்மா என்னை மெச்சப் போகிறாள் என்று நிமிர்ந்து நின்றேன். அவள் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கண்ணைத் துடைத்தாள். கற்பூரப் புகை அன்றைக்கு ஜாஸ்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.