கந்தகத் தீவை வரைந்தவர்

காலையில் மிஷினில் லேபிள் ஓடிக்கொண்டிருந்தபோது மல்லாங்கிணற்றிலிருந்து போன் வந்தது. "அப்பா போயிட்டாக" என்றார் ஜெயமணி அண்ணாச்சியின் மகன். மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வரைந்த அண்ணாச்சியை, இந்தத் தொழிலில் இருக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். நானும் லேபிள் வரைகிறவள்தான்; எனக்கு அவர் பக்கத்து மேசைக்காரர். கம்ப்யூட்டர் வந்த பிறகும் முதலில் கையால்தான் வரைவார். ஒரு கிளியின் மூக்குக்கே அரைநாள் எடுத்துக்கொள்வார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. கிளிக்கு மாப்பிள்ளை பார்க்கப் போறீகளா என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு மறுபடி வரைவார்.

ஒரு சீசனில் புது வானவெடிக்கு ஆர்டர் வந்தது. பெட்டி மேல் இரண்டாம் உலகப் போர் வேண்டுமாம். பசிபிக் கடலில் இவோ ஜிமா என்றொரு சின்னத் தீவு. அதற்காக அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் ஒரு மாதத்துக்கு மேல் மோதினார்கள். குகைக்குள் பதுங்கிய ஜப்பானியர்கள் மேல் அமெரிக்கர்கள் தீயைப் பீய்ச்சினார்கள். அந்தக் காட்சிதான் வேண்டும், நெருப்புக்குள்ளிருந்து ஆட்கள் ஓடிவர வேண்டும் என்றார் கம்பெனிக்காரர்.

அண்ணாச்சி அந்தப் போரைப் பற்றித் தேடித் தேடிப் படித்தார். அந்தப் பெயருக்கே கந்தகத் தீவு என்றுதான் அர்த்தமாம், நம் பட்டாசு மருந்தில் கலக்கிற அதே கந்தகம். அதை எங்களுக்குச் சொன்ன அன்று மதியம் அவர் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. அவருடைய அக்கா பட்டாசு ஆலை விபத்தில் வெந்து இறந்தவர். எங்களுக்கெல்லாம் அது தெரியும், அவராகப் பேசியதில்லை.

நெருப்பில் ஆள் வரைய மாட்டேன் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். பெரிய ஆர்டர். கைவிட்டுப் போனால் தன் லேபிள் வேலையும் போகும் என்று தெரிந்துதான் சொன்னார். எங்கோ என்றைக்கோ நடந்த சண்டை, நமக்கென்ன என்று முதலாளி சத்தம் போட்டார். வெடித்து முடித்ததும் குப்பையில் போடப்போகிற பெட்டிதானே என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"வாங்குறவுக ஒரு நாள் பார்ப்பாக, தாயி" என்றார் என்னிடம். "ஆமத்தூர்லயும் அச்சங்குளத்துலயும் ஆலையில பொம்பளைக இதை நாள் பூரா ஒட்டணும். அதுல எத்தனை பேரு வீட்டுல மாலை போட்ட போட்டோ தொங்குது?"

நான் என் மேசைக்குத் திரும்பி, பாதியில் விட்ட லேபிளை எடுத்தேன்.

அவர் வரைந்து கொடுத்தது கறுப்பு மணல், ஒரு மொட்டை மலை, விடிகிற வானம், அவ்வளவுதான். அம்புட்டு அழகான லேபிளை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஆளில்லாமல் என்ன போர் என்று கம்பெனிக்காரர் எழுந்து போய்விட்டார். கேட்ட படம் அவருக்கு வேறு அச்சகத்தில் கிடைத்தது. பெட்டியும் நன்றாகவே விற்றது.

அண்ணாச்சியைத் தினசரி காலண்டர் பக்கம் தள்ளிவிட்டார்கள். முதலாளி காதுபடவே பொரிந்து தள்ளினேன். அண்ணாச்சியோ, "விடு தாயி, முருகனுக்கு மயில் வரையிறதுல என்ன கொறை?" என்றார். கடைசிவரை அங்கேயே இருந்து ஓய்வு பெற்றார்.

அந்தத் தீவுப் படம் இப்போது எங்கே என்று அவர் வீட்டாருக்கும் தெரியவில்லை. அது எனக்குப் பெரிய வருத்தம். ஆனால் அவரிடமிருந்து ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். ஒரு லேபிளை முடித்ததும், கம்பெனிக்காரருக்குக் காட்டும் முன், அதை ஒட்டப்போகிற ஒருத்தியின் கண்ணால் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அந்த ஒருத்தி எனக்கு எப்போதும், நான் பார்த்தேயிராத அவருடைய அக்காதான்.