எட்டாவது படத்தில் ஒரு 'ம்'

என் வீட்டுக்காரரைப் போலச் சாவதற்கு இந்த ஊரில் ஆள் கிடையாது. இப்படிச் சொன்னதற்கு என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். ஆனாலும் அதுதான் அவர் தொழில். வெளிநாட்டுப் படங்களுக்கு நம் மொழியில் குரல் கொடுக்கிறவர். கூரையிலிருந்து விழுகிறவன், முதுகில் குண்டு வாங்குகிறவன், கப்பலோடு மூழ்குகிறவன், எல்லாருக்கும் இவர்தான். கத்திக்குத்து என்றால் ஒரு 'ஆ', துப்பாக்கி என்றால் வேறு 'ஆ'. கல்யாணமான புதிதில் குளியலறையில் நின்று பழகுவார். பக்கத்து வீட்டம்மா ஓடிவந்து கதவைத் தட்டி, "ஏம்மா, அந்த மனுஷனை என்னதான் பண்ற?" என்று என்னைச் சந்தேகமாகப் பார்த்திருக்கிறாள்.

வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலைகளும் உண்டு. பெரிய கடைகளில் லிஃப்டுக்குள் "கதவு மூடுகிறது" என்று சொல்வது இவர்தான். போன மாதம் என் வங்கி கார்டு தொலைந்துபோய், பதறியடித்துக்கொண்டு போன் போட்டேன். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்" என்று என் புருஷனே என்னைக் காக்க வைத்தார். பக்கத்து நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் மனிதர்!

ஊருக்கெல்லாம் பேசுகிறவர் வீட்டில் வாயே திறக்க மாட்டார். தொண்டையைக் காப்பாற்றுகிறாராம். வெந்நீர் ஃபிளாஸ்க்கைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அலைவார். எதைக் கேட்டாலும் 'ம்'. சாயங்காலம் கதவுச் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்து "வந்துட்டீங்களா?" என்பேன். 'ம்' என்பார். அந்த ஒரு எழுத்தை வைத்தே இன்றைக்கு வேலை கிடைத்ததா, யாராவது மனம் நோகப் பேசினார்களா, பசியா, எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். நானும் முப்பது வருடமாக வேறு என்னத்தைப் படித்தேன்?

இவருக்கு ஸ்டுடியோவில் 'டபுள்' என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் 'சாம்பல் தொப்பி' படங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாம்பல் தொப்பி போட்ட ஓர் உளவாளி. மொத்தம் பன்னிரண்டு படங்கள். ஓடுகிற ரயிலின் கூரையில் உருண்டு சண்டை போட்டாலும் தொப்பி நகராது, சட்டை கசங்காது. ஒருத்தனைச் சுட்டுவிட்டால் உடனே ஒரு நக்கல் வசனம் சொல்வான், தியேட்டரே விசிலடிக்கும். அவனுக்குக் குரல் கொடுத்தவரை எல்லாரும் 'பெரியகுரல்' என்பார்கள். அவர் பேசினால் நாற்காலி அதிரும். ஏழு படங்கள் வரை பெரியகுரல் சுட்டார், என் வீட்டுக்காரர் செத்தார். இரண்டு பேருக்கும் நல்ல சிநேகம்.

எட்டாவது படத்துக்கு வழக்கம்போலச் சாவுகளை முதலில் பதிவு செய்தார்கள். அதுதான் அங்கே முறை. சில்லறை வேடங்களை ஒரே நாளில் முடித்துவிட்டு, அப்புறம்தான் கதாநாயகன் வருவான். இவரும் போய் வரிசையாகச் செத்துவிட்டு வந்தார். அதில் ஒரு காவல்காரனுக்கு மட்டும் வசனமும் உண்டு. மறுவாரம் பெரியகுரலுக்குத் தொண்டை வீங்கிவிட்டது. ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். படம் வெளியாகும் நாள் போஸ்டரில் ஒட்டியாயிற்று. ஒலிப்பதிவு செய்கிறவர், எப்போதும் கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டிருப்பதால் அவர் பெயரே 'ஹெட்போன்', வீட்டுக்கே ஓடிவந்து, "டபுக்குன்னு கிளம்பு. நீதான் ஹீரோ" என்றார்.

அன்றைக்கு இவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதல் நாள் முதல் காட்சிக்குப் போனோம். ஐந்தாவது நிமிடமே உளவாளியின் தொப்பி ஆற்றில் விழுந்துவிட்டது. அதற்கே ஜனங்கள் முணுமுணுத்தார்கள். படம் முழுக்க மழை. அவனுக்கு ஜலதோஷம். கார் பாதி வழியில் நின்றுவிட்டது, இறங்கித் தள்ளினான். அந்த நடிகர் மெதுவாகப் பேசியிருந்தார், அதனால் இவரும் மெதுவாகவே பேசியிருந்தார். "சவுண்டு, சவுண்டு!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். ஆபரேட்டர் சத்தத்தைக் கூட்ட, அடுத்து வந்த துப்பாக்கிச் சத்தத்தில் எல்லாருக்கும் காது கிழிந்தது.

அப்புறம் அந்தக் காவல்காரன் வந்தான். உளவாளி அவனைச் சுடுகிறான். கீழே விழுந்தவன் பக்கத்தில் குனிந்து, "வீட்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறான். "லைட்டைப் போட்டுட்டு உக்காந்திருப்பா" என்று சொல்லிச் சாகிறான் அவன். இரண்டும் ஒரே குரல்! கதாநாயகனின் குரல் மாறிய அவசரத்தில், காவல்காரனும் இவர்தான் என்பது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை.

தியேட்டர் ஒரு நொடி முழித்தது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான், "டேய், அவனே அவனைச் சுட்டுக்கிட்டான்டா!" என்று கத்தினான். அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொண்டு போனது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பாதிப் படத்திலேயே வெளியே வந்துவிட்டோம். படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. "எட்டாவது படமா அது, அஷ்டமத்துச் சனி" என்று ஊர் சிரித்தது. ஒன்பதாவது படத்துக்குப் பெரியகுரல் வந்துவிட்டார். இவர் பழையபடி சாகப் போனார். 'டபுள்' என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. தப்பு பண்ணியது ஸ்டுடியோ, பட்டம் என் புருஷனுக்கு. என்ன நியாயம் இது?

அதற்கப்புறம் டிவியில் அந்தப் படம் வந்தால் ரிமோட்டை எடுத்து மாற்றிவிடுவார். நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கதாநாயகன் ஆனார், அதையும் நினைக்க முடியாமல் போய்விட்டதே என்று எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும்.

இந்த நிலையில்தான் போன வாரம் ஹெட்போன் போன் செய்தார். பன்னிரண்டு படங்களையும் கோடு, கீறல் போகப் புதிதாகத் துடைத்து மறுபடி வெளியிடப் போகிறார்களாம். பெரியகுரல் காலமாகி நாளாயிற்று. எட்டாவதில் மட்டும் குரல் ஒட்டாமல் நிற்கிறதென்று, அச்சு அசலாகப் பெரியகுரல் மாதிரியே பேசுகிற ஒருவரை வைத்து முழுக்க மாற்றப்போகிறார்களாம். "காவல்காரன் மட்டும் நீயே வந்து பேசிடு. பழைய பதிவுல ரெண்டும் கலந்து கிடக்கு, பிரிக்க முடியல. நீ செத்தாத்தான் சாவு மாதிரி இருக்கும்" என்றார்.

இவர் 'ம்' என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "உங்க குரலை அழிக்கறதுக்கு உங்களையே கூப்பிடறாங்க, நீங்களும் தலையாட்டறீங்க! ரோஷம் வேணாம்?"

"நல்லதுதானே" என்றார். அபூர்வமாக இரண்டு வார்த்தை பேசினார்: "அந்தப் படத்தைக் கெடுத்தது நான்தான். இப்பவாவது சரியாகட்டும்."

இத்தனை வருடமாக இதையா மனதில் சுமந்துகொண்டிருந்தார்? எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்கக் கூடாதென்று பாத்திரத்தை உருட்டினேன்.

பயிற்சிக்கென்று பழைய படத்தை ஹெட்போன் அனுப்பியிருந்தார். இவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் இவர் வெளியே போன பிறகு, வெளியூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டு, எந்த ஒயரை எங்கே சொருகுவதென்று கேட்டு, டிவியில் போட்டுவிட்டேன். "அம்மா, அந்த மொக்கைப் படமா? வேற வேலை இல்லையா உனக்கு?" என்றாள். "உங்கப்பா ஹீரோவா நடிச்ச படம்டி, வாயைக் கழுவு" என்று வைத்துவிட்டேன்.

மொக்கையா? பன்னிரண்டில் அது ஒன்றுதான் படம் என்பேன். மற்றதெல்லாம் பட்டாசு. இதில்தான் அந்த மனிதனுக்குக் களைப்பு வருகிறது, பசி வருகிறது. சுட்ட பிறகு நக்கல் வசனம் வரவில்லை. அன்றைக்கு எல்லாரும் சிரித்த அந்தக் காவல்காரன் இடம் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செத்துக்கொண்டிருக்கிறவன் கொன்றவனுடைய குரலிலேயே பேசுகிறான். தன்னையே சுட்டுவிட்ட மாதிரி உளவாளியின் முகம் போகிறது. "அவனே அவனைச் சுட்டுக்கிட்டான்" என்று கத்தினானே அந்தப் புண்ணியவான், அவன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான், சிரித்ததுதான் தப்பு.

நாங்கள் பார்க்காத மீதிப் படம் ஓடியது. கடைசியில் உளவாளி எல்லா வேலையையும் விட்டுவிட்டு, அந்தக் காவல்காரனின் வீட்டைத் தேடிப் போகிறான். ஜன்னலில் விளக்கு எரிகிறது. கதவுக்கு வெளியே நம் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "வந்துட்டீங்களா?" என்கிறது.

'ம்' என்கிறான்.

அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்து கதவைத் திறக்கிறாள். படம் முடிகிறது.

நான் டிவியை நிறுத்தத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் ஏன் சிரித்துக்கொண்டு வருகிறாள்? புருஷன் குரல் கேட்டது, வருகிறாள்! இரண்டு பேருக்கும் ஒரே குரல் என்பதால்தானே? இன்னொன்றும் புரிந்தது. அந்த 'ம்' உளவாளியுடையது இல்லை. தினமும் சாயங்காலம் என் வீட்டு வாசலில் கேட்கிற 'ம்' அது.

அன்று அவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "அந்தக் கடைசி 'ம்' எப்படிங்க வந்துச்சு?"

யோசித்தார். "அங்க வசனமே கிடையாது. அவங்க ஒரிஜினல் படத்துல அவன் சும்மா நிப்பான். முதுகைக் காட்டினா உதடு தெரியாது, எதையாவது சொல்லி நிரப்பறது எங்க வழக்கம். ஹெட்போன், ஏதாவது சொல்லுன்னாரு. அந்தப் பொண்ணு 'வந்துட்டீங்களா'ன்னு கேட்டா. வாயில வந்துடுச்சு."

நான் கண்டுபிடித்ததையெல்லாம் கொட்டினேன். அவர் கேட்டுவிட்டு, "அங்க வந்து இதையெல்லாம் பேசிவைக்காத. மறுபடியும் சிரிப்பாங்க" என்றார். அப்படிக் கெஞ்சுகிற மாதிரி அவர் என்னிடம் கேட்டதே இல்லை. வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்துகொடுத்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய சத்தியம் என்று.

பதிவு நாளன்று ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு நானும் கூடவே போனேன். ஹெட்போன் முடியெல்லாம் நரைத்துப்போய், "வா தங்கச்சி" என்று நாற்காலி போட்டார். பெரியகுரல் மாதிரிப் பேச வந்த புதுக்குரல்காரர் அதிகப்பிரசங்கியாக இருப்பார் என்று நினைத்திருந்தேன், நல்ல மனிதர். என் வீட்டுக்காரர் காலைத் தொடாத குறையாக மரியாதை காட்டினார். இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். பேசினால் பெரியகுரல் எழுந்து வந்துவிட்டாரோ என்றிருந்தது.

காவல்காரன் காட்சியை எடுத்தார்கள். இவர் செத்தார். அருமையாகச் செத்தார். அடுத்து அந்தக் கடைசிக் காட்சி. பெண்ணின் குரல் தனியாக இருந்ததால் பழையதையே வைத்துக்கொண்டார்கள். "வந்துட்டீங்களா?" என்றாள் அவள். "ம்ம்" என்று புதுக்குரல்காரர் அதிரச் சொன்னார். நடுவிலிருந்த கண்ணாடித் தடுப்பு நடுங்கியது. நான் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும். ஐந்தாறு தடவைக்குப் பிறகு புதுக்குரல்காரர் மைக்கை விட்டு வெளியே வந்தார். "எனக்கு ஒண்ணு புரியல சார். என் குரலைக் கேட்டு அந்தம்மா ஏன் சிரிச்சுக்கிட்டு வரணும்? யாருடா இதுன்னு பயந்துல்ல போகணும்? அவங்க புருஷன் குரல் அதோ அந்த சாரோடது" என்று என் வீட்டுக்காரரைக் காட்டினார்.

ஹெட்போன் வாயைப் பிளந்தார். அதற்கு மேல் தாங்க என்னால் முடியவில்லை. "அதைத்தானே நான் முந்தாநாளே சொன்னேன்!" என்று கத்திவிட்டேன். சத்தியமாவது ஒன்றாவது!

பழைய பதிவைப் போட்டுக் காவல்காரன் காட்சியிலிருந்து கடைசி வரை எல்லாரும் உட்கார்ந்து பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. புதுக்குரல்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதுல நான் எதுக்கு சார்? விட்டுடுங்க" என்றார். ஹெட்போன் கம்பெனிக்குப் போன் போட்டுப் பேசினார். எட்டாவதைத் துடைத்து மட்டும் அனுப்பினால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள், செலவு மிச்சம் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். வெளியே வரும்போது ஹெட்போன் இவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "இத்தனை வருஷமா உன்னை டபுள்னு கூப்பிட்டுட்டேனே டபுள்" என்றார். மறுபடியும் அதே பெயர். திருந்தாத ஜென்மம்.

பஸ் ஏறினோம். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தார். நானும் தொந்தரவு செய்யவில்லை. வீடு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. இவர் கீழே காய்கறிக் கடையில் நின்றார். நான் முதலில் மேலே ஏறிப்போய்க் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன்.

படியில் செருப்புச் சத்தம். வாசலில் நின்றது.

"வந்துட்டீங்களா?" என்றேன்.

பை கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. காத்திருந்தேன்.

"ம்" என்றார். பாதியில் உடைந்துவிட்டது.

"டேக் ஓகே, உள்ள வாங்க" என்றேன்.