தோணியில் போய் உட்கார்ந்த டாக்டர்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தூத்துக்குடியில் காலரா பரவியது. ஊருக்குத் தெற்கே, உப்பளங்களைத் தாண்டிக் கடலோரத்தில் ஓலைக்கொட்டகை போட்டு நோயாளிகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. எனக்கு மேலே கீழவைப்பாரைச் சேர்ந்த ஒரு மூத்த நர்ஸ் இருந்தார். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு டாக்டர்.

பெரும்பாலும் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் உப்பளத்துக் கூலிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான் வந்தார்கள். வரும்போதே கண்கள் குழிவிழுந்து, விரல் தோல் சுருங்கியிருக்கும். நரம்பு அகப்படாது. டாக்டர் கணுக்கால் அருகே கீறி, நரம்பைத் தேடிப் பிடித்து, மூங்கிலில் தொங்கும் பாட்டிலிலிருந்து உப்புநீரை ஏற்றுவார். கொஞ்ச நேரத்தில் சிலர் கண் விழித்துப் பேசுவார்கள். பலர் விழிக்கமாட்டார்கள். நாங்கள் வாளி மாற்றுவோம், துணி அவிப்போம், பிளீச்சிங் பவுடர் தூவுவோம். கட்டில் காலியானால் அடுத்த ஆளைக் கிடத்துவோம்.

டாக்டர் முதலில் ஒவ்வொருவரிடமும் ஊர், தொழில் கேட்டு ஏதாவது பேசிக்கொண்டே வேலை செய்வார். போகப் போகப் பேச்சு நின்றது. நாடி அடங்கிய பிறகும் சில கைகளைப் பிடித்தபடி நின்றிருப்பார். கொண்டுவந்த சாப்பாடு தூக்குச்சட்டியோடு திரும்பிப் போகும். எங்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். இருப்பிடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, எந்தத் தெரு வழியாக வந்தேன் என்பதே நினைவிருக்காது.

ஒரு நாள் காலை உப்பளத்துக் குடும்பம் ஒன்று வந்தது, தாயும் இரண்டு மகள்களும். தாய் பிழைத்தாள். மகள்கள் இருவரும் மதியத்துக்குள் போய்விட்டார்கள். மயக்கம் தெளிந்த தாய், பக்கத்துக் கட்டில்களைப் பார்த்து, "பிள்ளைக எங்கன?" என்று டாக்டரிடம் கேட்டாள். அவர் பாட்டிலில் எவ்வளவு நீர் மிச்சமிருக்கிறது என்று பார்த்தார். எங்களிடம், "கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வெகுநேரமாகியும் வரவில்லை. அக்கா என்னை அனுப்பினார். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு தோணிக்குள் டாக்டர் உட்கார்ந்திருந்தார். உச்சி வெயில். தலையில் ஒன்றுமில்லை.

"ஐயா, அக்கா கூப்பிடுதாவ. புதுசா ரெண்டு பேரு வந்திருக்காவ."

"எந்திரிக்கணும்னுதான் நெனைக்கேன்" என்றார். "காலு கேக்கமாட்டேங்கு."

"வலிக்கா ஐயா?"

"வலி ஒண்ணுமில்ல."

யாரோ ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன்.

அக்கா கேட்டுவிட்டு, "அவுகள விடு. இருக்கட்டும்" என்றார். டாக்டரின் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். பிறகு என்னிடம், "கத்தியக் கொதிக்க வையி" என்றார். நர்ஸ்கள் கீறக்கூடாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அக்கா கீறினார், ஓலைக்கொட்டகையின் இருட்டில் நான் விளக்கைப் பிடித்தேன். ஒருவருக்கு நரம்பு அகப்பட்டது. மற்றவருக்கு அகப்படவேயில்லை.

வெயில் தாழ்ந்தபோது டாக்டரின் மனைவி குதிரை வண்டியில் வந்தார். தோணிக்குள் ஏறிக் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து இருவரும் எழுந்து வண்டிக்குப் போனார்கள். விசாரித்தவர்களிடம், "ஐயாவுக்கு மலேரியாக் காய்ச்சல்" என்றார் அக்கா. அவருக்கு வந்ததற்கு வேறு பேர் எங்களுக்குத் தெரியாது.

திருநெல்வேலியிலிருந்து வேறு டாக்டர் வந்தார். பழையவர் தம் ஸ்டெதாஸ்கோப்பைக் கொட்டகையிலேயே விட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுக்கப் போனேன். வாசலிலேயே அவர் மனைவி, "கொட்டகைப் பேச்சு எடுக்காத தாயி" என்றார். டாக்டர் சவரம் செய்யாத முகத்தோடு நாற்காலியில் இருந்தார். அவரே கேட்டார்.

"கொறைஞ்சிருக்கா?"

"கொறைஞ்சிருக்கு ஐயா." அந்த வாரம் கூடித்தான் இருந்தது.

அவர் என் கைகளைப் பார்த்தார். பிளீச்சிங் பவுடரில் தோல் உரிந்திருந்தது. "தேங்காயெண்ண தடவு" என்றார். பிறகு, "நீ ஒறங்குதியாம்மா?" என்றார்.

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. ஒறங்குதேன் என்றேன்.

"எனக்குக் கண்ண மூடினா வாளிச் சத்தம் கேக்கு."

"எனக்குந்தான் ஐயா" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் தலையசைத்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்தார். ஆறும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மழைக்குப் பிறகு நோய் தணிந்தது. கொட்டகையைப் பிரித்து எரித்தார்கள். சில மாதம் கழித்துப் பழைய டாக்டர் ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்தார். காலையில் வந்துபோகும் நோயாளிகளை மட்டும் பார்த்தார், வார்டுக்குள் வரவில்லை. பயந்து ஓடினவர் என்று மருந்துக்கடையில் ஒருவர் சொன்னபோது அக்கா, "நீங்க அங்கன ஒரு நாளாவது நின்னியளா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.

என்னை அந்த ஆஸ்பத்திரியிலேயே பிரசவ வார்டில் போட்டார்கள். டாக்டருக்கு வந்தது என்னையும் பிடித்தது அதன் பிறகுதான். குழந்தையைத் துடைத்துத் தாயிடம் கொடுப்பேன், அவள் சிரிப்பாள், எனக்கு ஒன்றும் தோன்றாது. மரக்கட்டையைக் கைமாற்றியதுபோல இருக்கும். நெடுநாள் அப்படியே போயிற்று. எப்போது சரியாயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில், கத்தரிக்காயெல்லாம் முற்றல் என்று காய்க்காரியிடம் சண்டை போட்டேன். அவளும் விடவில்லை. அறைக்கு வந்து அந்தக் காயையே நறுக்கிக்கொண்டிருந்தபோது, வெகுநாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது.