மழைக்கு நின்றுபோன கல்யாணத்து ஜாக்கெட்

கதை படுமோசம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். செல்போனில் வாரா வாரம் வரும் காதல் படக்கதை அது. கதாநாயகிக்கு அதுவரை மூன்று தடவை கல்யாணம் நின்றிருந்தது. முதல் தடவை மாப்பிள்ளைக்கு விபத்தில் நினைவு தப்பியது. இரண்டாம் தடவை அவனை அப்படியே உரித்துவைத்த இன்னொருவன் மண்டபத்து வாசலில் வந்து நின்றான். மூன்றாம் தடவை மழை. ஆமாம், மழை பெய்தது, கல்யாணம் நின்றது. மண்டபத்துக்குக் கூரை இல்லையா என்றெல்லாம் கேட்கக்கூடாது.

ஆனால் படம் இருக்கிறதே, அடேயப்பா! அவள் படியிறங்கி வந்தால் புடவை மடிப்பு ஒவ்வொன்றிலும் வெளிச்சம் தனித்தனியாக விழும். முதுகுக் கயிற்றில் தொங்கும் குஞ்சம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்றுகூடத் தெரியும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு வேறென்ன வேண்டும்? கதைக்காகப் படிக்கிறவர்கள் படிக்கட்டும். நான் கழுத்துக்காகவும் கைக்காகவும் படித்தேன்.

எனக்குக் கூட்டு, எதிர் மெடிக்கலில் வேலை பார்த்த கரியாலூர்ப் பெண். மலைமேல் இருக்கும் அவள் ஊரில் டவர் கிடைக்காது என்று மத்தியானச் சோற்றோடு என் கடைக்கு வந்துவிடுவாள். அவள் கதை எழுதியவரைத் திட்டிக்கொண்டே படிப்பாள், நான் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு தையல் எங்கே ஓடுகிறது என்று தேடுவேன். அவளுக்குச் சின்னசேலத்தில் மாப்பிள்ளை அமைந்தபோது, அந்த மழைக் கல்யாணத்து ஜாக்கெட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். பானைக் கழுத்து, பஃப் கை, குஞ்சம் வைத்த கயிறு. படத்தில் முன்னாலும் கொக்கி இல்லை, பின்னாலும் கொக்கி இல்லை. வரைந்தவரும் அந்த ஒரு விஷயத்தில் கதை எழுதியவரிடம் பாடம் கேட்டிருப்பார் போல. நான் இடுப்போரம் ஜிப் வைத்துச் சமாளித்தேன்.

அவள் சந்தோஷத்தில் படத்தை மாப்பிள்ளையின் தங்கைக்குக் காட்டியிருக்கிறாள். அந்தப் பெண் சும்மா இருக்காமல் கதையையும் படித்துவிட்டது. மறுநாள் அவளுக்கு மாமியாராக வரப்போகிறவர் என் கடையில் நின்றார், பின்னாலேயே இவளும் ஓடி வந்தாள்.

"இன்னாமா இது? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணமே நடக்கலியாமே. அதப் போட்டுக்கினு எங்க வூட்டு மருமக மணையில ஒக்காரணுமா?" என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தச்ச கையும் ராசியான கை இல்லன்னு சொல்றாங்க" என்றார்.

அதுவும் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். எனக்கு நிச்சயத்தன்று தாம்பூலத் தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் பெரியப்பாவை முன்னால் கூப்பிடவில்லையாம். அவர் எழுந்து போனார், அவர் பின்னால் எல்லோரும் போனார்கள். என் கல்யாணம் நின்றதற்கு அவ்வளவுதான் காரணம். படக்கதையில் மழை பெய்தால் விழுந்து விழுந்து சிரிக்கிற இந்த ஊர், இதைக் கேட்டு ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. எனக்குத்தான் ராசி இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து ஊர்ப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்த ஜாக்கெட் தைத்தேன், ஒரு கல்யாணத்துக்கும் போனதில்லை.

"கல்யாணத்த நிறுத்துனது கத எழுதுனவங்க. ஜாக்கெட்டு இன்னாங்க பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

அவர் வாயைத் திறப்பதற்குள் கரியாலூர்க்காரி முந்திக்கொண்டாள். "அக்கா தச்சதப் போட்டுக்கினுதான் நான் மணையில ஒக்காருவேன். புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க, மலைக்கு பஸ் ஏறிடறேன்."

இந்தக் கல்யாணமும் நின்றால் அவள் வாழ்க்கையோடு என் பெயரும் போகும். பிறகு எவள் என்னிடம் முகூர்த்தத் துணி கொண்டுவருவாள்? வேறு ஜாக்கெட் தைத்துத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. ஜாக்கெட்டை மடித்து மஞ்சள் பையில் போட்டு அவள் கையில் கொடுத்தேன். மாமியார் விறுவிறுவென்று படியிறங்கிப் போனார்.

பல நாள் ஒரு சேதியும் இல்லை. மெடிக்கலுக்கும் அவள் வரவில்லை. மிஷினை மிதித்தாலும் மனம் எதிர்க்கடையிலேயே இருந்தது. கடைசியில் ஒருநாள் பத்திரிகையும் கையுமாக வந்து நின்றாள். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாராம். முன் வரிசையில் நான் உட்கார்ந்தே தீரவேண்டும் என்றாள். அன்று சாயந்திரம் பீரோவைத் திறந்தேன். என் நிச்சயத்துக்கு எடுத்த அரக்குப் பட்டின் ஜாக்கெட் துணி வெட்டாமலே அடியில் கிடந்தது. செல்போனில் அந்தப் படக்கதையைத் திறந்து எதிரே சாய்த்துவைத்துக்கொண்டு, துணியை விரித்து, ஒரே மூச்சில் வெட்டினேன்.

முகூர்த்தத்தன்று சின்னசேலத்தில் சத்தியமாக மழை. கொட்டித் தீர்த்தது. மண்டபத்துக்குக் கூரை இருந்தது. கெட்டிமேளம் முழங்க, தாலி ஏறியது. குனிந்த அவள் முதுகில் நான் கட்டிய குஞ்சம், படத்தில் ஆடிய அதே பக்கம் ஆடியது. நான் கை நிறைய அட்சதை போட்டேன், கண்ணீரை யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று துடைக்கவும் இல்லை.

மாமியார் சந்தனத் தட்டோடு வரிசையாக வந்தவர் என்னிடம் நின்றார். என் ஜாக்கெட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுவும் அந்தக் கதையில வர்றதாமா?"

"ஆமாங்க. ரெண்டாவது தடவ கல்யாணம் நின்னப்போ அந்தப் பொண்ணு போட்டுக்கினு இருந்தது."

தட்டு ஒரு நிமிடம் அப்படியே நின்றது. பிறகு என் பக்கம் நீண்டது. நான் சந்தனத்தை அள்ளிப் பூசிக்கொண்டேன்.