மஞ்சள் பையில் பதினோரு வருட மழை

என் மேசைக்குப் பின்னால், சாமி மாடத்துக்குக் கீழே அடித்த ஆணியில், ஒரு மஞ்சள் துணிப்பை தொங்குகிறது. அதில் அச்சடித்த ஜவுளிக்கடைப் பெயர் பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. எங்கள் வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் அது என் மதியச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு கட்சிக்காரர், "என்னம்மா, இன்னைக்கு என்ன கறி?" என்றே கேட்டுவிட்டார். சிரித்துவைத்தேன். உள்ளே இருப்பவை நாள்காட்டிகள். அந்தப் பையைத் தொடும்போதெல்லாம் நனைந்த ரப்பர் இலையின் வாசம் எனக்கு வரும். அப்படி ஒரு வாசமும் இல்லை என்று உடன் வேலைசெய்யும் பெண் சத்தியம் செய்கிறாள். அவளுக்கு மூக்கு சரியில்லை.

பையைக் கொண்டுவந்தவரின் பெயர் கோப்பின் மேலட்டையில் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆனால் நான் ஒருநாளும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. முதல்முறை தொலைபேசியில், "மூணாம் லயத்துல இருந்து பேசறேம்மா" என்றார். அன்றிலிருந்து எனக்கு அவர் மூன்றாம் லயத்து அக்கா. கோலா பிலாப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் மூன்றாவது அது. தோட்டத்தில் பெரும்பகுதி எண்ணெய்க்கான செம்பனையாகிவிட்டது, மேட்டில் மட்டும் கொஞ்சம் ரப்பர் பால்மரம் மிச்சம். அக்கா அறுபதைத் தாண்டியவர். நாற்காலி நுனியில்தான் உட்காருவார். பேசும்போது முகம் நம் பக்கம் இருக்கும், கண் சன்னல் பக்கம் இருக்கும். சொல்வதைக் கேட்கிறாரா இல்லையா என்று முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகுதான் புரிந்தது, அவர் வானத்தைப் பார்க்கிறார். மரம் நனைந்திருந்தால் அன்று பட்டையைக் கீறிப் பால் வெட்ட முடியாது. நாற்பது வருடமாக விடிகாலையில் கண்ணைத் திறந்ததும் முதல் வேலையாக வானத்தைப் பார்த்த கண் அது. அலுவலகத்துச் சன்னலிலும் அதே வேலையைத்தான் செய்தது.

தோட்டம் கைமாறியபோது, லயத்தில் கடைசிவரை குடியிருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வீடு என்று பேச்சு. எல்லோருக்கும் கிடைத்தது, அக்காவுக்கு மட்டும் இல்லை. நடுவில் பதினோரு வருடம் அவர் சிரம்பானில் மகள் வீட்டில் இருந்தார், வீடு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் திரும்பிவந்து ஒட்டிக்கொண்டார் என்றது தோட்ட நிர்வாகம். அந்தப் பதினோரு வருடமும் அக்கா ஒரு குத்தகைக்காரரிடம் பால் வெட்டியிருக்கிறார். சம்பளச் சீட்டு கிடையாது. குத்தகைக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மின்சாரம், தண்ணீர் எல்லாம் தோட்டத்துப் பெயரில் வந்ததால் ரசீதும் இல்லை. அக்கம்பக்கத்தார் சொன்னது, வேண்டியவர்களுக்காகச் சொன்ன சாட்சியாகிவிட்டது. மகளுடையதோ ஓர் அறை அடுக்குமாடி, அதில் ஏற்கெனவே ஐந்து பேர். வழக்கு தோற்று லயத்தை இடித்தால் அக்காவுக்குத் தலைசாய்க்க இடமில்லை. "நான் எங்கம்மா போனேன்? போறதுக்கு எனக்கு எடம் ஏது?" என்று சன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்பார்.

அந்த வருடம்தான் எங்கள் அலுவலகத்துக்குச் செயற்கை நுண்ணறிவு வந்தது. ஊதுபத்தி கொளுத்தி யாரும் வரவேற்கவில்லை. ஒரு காலையில் வக்கீலம்மாவின் கணினியில் இருந்தது, அவ்வளவுதான். வக்கீலம்மா என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். முன்பெல்லாம் ஒரு வழக்கின் தாள்களை நாங்கள் நாலு பேர் தரையில் பரப்பி, தேதிவாரியாக அடுக்கி, முழங்கால் வலிக்க வலிக்கப் பட்டியல் போடுவோம். இப்போது தாள்களை ஸ்கேன் செய்து உள்ளே அனுப்பினால், நான் தேநீர் கலக்கி முடிப்பதற்குள் பட்டியல் வந்துவிடும். நாலு பேர் ரெண்டு பேரானோம். போனவர்களில் ஒருத்தி என் கல்யாணத்துக்கு மருதாணி வைத்துவிட்டவள். அந்த நாற்காலியில் இப்போது அச்சுத்தாள் பெட்டி இருக்கிறது. எனக்கு அதன்மேல் கோபம் இருந்தது, வேலை சீக்கிரம் முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனதில் சந்தோஷமும் இருந்தது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சோபா, மெத்தை விற்கும் என் தம்பி கடையிலும் அதே கதைதான். வாடிக்கையாளருக்குப் பதில் எழுத மூன்று பெண்களை வைத்திருந்தவன், ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை மிஷினிடம் விட்டுவிட்டான். "என்னைய விட மரியாதையா பேசுது கா" என்பான். அவனைவிட மரியாதையாகப் பேசுவது பெரிய காரியமில்லை.

அக்காவின் தாள்களை ஸ்கேன் செய்தது நான்தான். பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எல்லாம் போன பிறகு மஞ்சள் பைதான் பாக்கி. அதற்குள் பதினோரு நாள்காட்டிகள். மளிகைக் கடைக்காரர் வருடப் பிறப்புக்குக் கொடுக்கிற மாதக் காலண்டர். ஒவ்வொரு தாளிலும் மேலே பாதி சாமி படம், கீழே பாதி தேதிக் கட்டங்கள். கட்டங்களில் நீலப் பேனாவால் சின்னச் சின்ன வட்டங்கள். தை மாதத்து முருகனைக் கையில் எடுத்து, ஸ்கேனரின் கண்ணாடிக்கு நேராகக் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது. முருகனைக் குப்புறப் போட்டு, மேலே மூடியை வைத்து அழுத்துவதா? அடுத்த தாளைப் புரட்டினேன், அம்மன். அதற்கடுத்தது பிள்ளையார். நூற்று முப்பத்திரண்டு தடவை சாமியைக் கவிழ்த்துப் போடுவதற்கா எங்கம்மா என்னைப் பெற்றார்? அக்கா ஏதோ பால் வாங்கிய தேதியைக் குறித்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பையைச் சாமி மாடத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினேன். பிறகு வேறு வேலை வந்தது. மறந்தே போனேன்.

மிஷின் அழகான அறிக்கை கொடுத்தது. எதிர்த்தரப்பு எங்களை மூழ்கடிக்கவென்றே அனுப்பியிருந்த ஆயிரக்கணக்கான பக்கங்களையும் ஒன்றுவிடாமல் படித்து, இது என்ன, அது என்ன என்று வரிசைப்படுத்தியிருந்தது. "தோட்ட அலுவலகத்தின் தினசரி மழை அளவுப் பதிவேடு" என்று ஒரு வரி வந்தபோது, இந்தக் குப்பையை எல்லாம் எதற்கு அனுப்புகிறார்கள் என்று நானும் வக்கீலம்மாவும் சிரித்தோம். கடைசிப் பக்கத்தில்தான் சிரிப்பு நின்றது. அந்தப் பதினோரு வருடங்களுக்கு, அக்கா லயத்தில் குடியிருந்ததற்கான ஆதாரம் எதுவும் கொடுத்த ஆவணங்களில் இல்லை என்று எழுதியிருந்தது. அத்தனை சுத்தமான எழுத்தைப் பார்த்த பிறகு யாருக்கும் எதையும் திருப்பிக் கேட்கத் தோன்றவில்லை. உள்ளே போகாத ஒன்றைப் பற்றி அது என்ன சொல்லும்? வியாழக்கிழமை பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை அக்காவை வரவழைத்தோம். வக்கீலம்மா மெதுவாக, வலிக்காமல் சொல்லப் பார்த்தார்.

அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு அன்றுதான் முதல்முறையாகச் சன்னலை விட்டுவிட்டு நேராக எங்களைப் பார்த்தார்.

"என் காலண்டரப் பாத்துமா மிஷின் அப்படிச் சொல்லுச்சு? அதுலதானம்மா எல்லாம் இருக்கு."

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் ஆணியைப் பார்த்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். முருகனைக் குப்புறப் போட மனம் வரவில்லை என்று தட்டுத்தடுமாறி ஒப்புக்கொண்டேன். வக்கீலம்மாவுக்கு முகம் சிவந்தது, "என்னக்கா இது" என்றார். அக்காதான் எழுந்துவந்து என் கையைப் பிடித்தார். "நானா இருந்தாலும் போட்டிருக்க மாட்டேம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த வார்த்தைக்குத்தான் அழுதேன்.

மத்தியானம் தம்பியை வரச்சொன்னேன், யாரிடமாவது புலம்ப வேண்டுமே. அவன் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீ ஒரு ஆளு லா கா! கண்ணாடியில படுக்கப் போட்டாத்தான் அது படிக்கும்னு யாரு சொன்னா? நான் சோபாவையா ஸ்கேனர்ல போடறேன்?" சுவரில் ஆணி அடித்து, நாள்காட்டிகளை ஒவ்வொன்றாக நிற்கவைத்து மாட்டி, சன்னல் வெளிச்சத்தில் கைபேசியால் படம் எடுத்துத்தள்ளினான். அவன் பொருள் விற்கிற வித்தை அது. சாமிகள் எல்லாம் நிமிர்ந்து நின்று சிரித்தபடி உள்ளே போனார்கள். சிறிது நேரத்தில் மிஷின் ஒரு கேள்வி கேட்டது: தேதிகளின் மேல் இருக்கும் வட்டங்கள் எதைக் குறிக்கின்றன?

அக்கா சொன்னார். வட்டம் போட்டால் விடிகாலையில் மழை. வட்டத்துக்குள் கோடு போட்டால், வெட்டி முடித்த பிறகு மழை, மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் விழுந்த பால் எல்லாம் தண்ணீரோடு போன நாள். "யாருக்காகக் குறிச்சீங்க?" என்று வக்கீலம்மா கேட்டதற்கு, "யாருக்காகவும் இல்லம்மா. மழ வந்துச்சு, குறிச்சேன்" என்றார். அப்போதுதான் வக்கீலம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நாங்கள் சிரித்த அந்த மழைப் பதிவேடு!

பதினோரு வருடத்து மழையையும் பதினோரு வருடத்து வட்டங்களையும் மிஷின் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. எங்கள் பழைய நாலு பேரும் உட்கார்ந்தால் மூன்று மாதம் ஆகியிருக்கும். அன்று பொழுது சாய்வதற்குள் முடிந்தது. திரையில் தேதிகள் ஓட ஓட, எனக்கு நான் பார்த்தேயிராத ஒரு லயத்துக் கூரைமேல் மழை பெய்துகொண்டே இருந்தது. பால்மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரியின் வறண்ட வாரங்கள், பிறகு வட்டம் மேல் வட்டமாக நவம்பர், விடாமல் பெய்த ஒரு தீபாவளி. தோட்ட அலுவலகம் பூட்டியிருந்ததால் பதிவேட்டில் அந்த நாள் காலி, அக்காவின் கட்டத்தில் மட்டும் மழை. சில நாட்கள் ஒத்துப்போகவில்லை. மழைமானி மேட்டில் அலுவலகத்தருகே இருந்தது, மூன்றாம் லயம் பள்ளத்தில். "இதுதான்கா அழகு. பதிவேட்டப் பாத்து எழுதியிருந்தா எல்லாமே ஒத்துப்போயிருக்கும்" என்றார் வக்கீலம்மா. சிரம்பானில் மகள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இந்த மழையை யார் குறித்திருக்க முடியும்?

ஒன்று மட்டும் இடித்தது. ஆறாம் வருடத்தில் நாற்பத்தொரு நாட்களுக்கு ஒரு வட்டமும் இல்லை, பதிவேட்டிலோ நல்ல மழை. எதிர்த்தரப்பு இதைப் பிடித்துக்கொள்ளும் என்று மிஷினும் எச்சரித்திருந்தது. என்னைத்தான் கேட்கச் சொன்னார் வக்கீலம்மா. அக்கா சன்னல் பக்கம் திரும்பினார்.

"அது அவரு போன மாசம்மா. கோலா பிலா ஆஸ்பத்திரியிலயே இருந்தேன். அப்பறம் காரியம். மழ பேஞ்சுச்சா பேயலையான்னு எனக்குத் தெரியாது."

கணவரின் இறப்புப் பத்திரத்து நாள் அந்த வெற்றுக் கட்டங்களின் நடுவில் இருந்தது. வியாழக்கிழமை தாக்கல் செய்தோம். நிர்வாகம் கடைசிவரை போகவில்லை, சமரசத்துக்கு வந்தது. அக்காவுக்குச் சாவி கிடைத்தது.

புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நானும் போயிருந்தேன். சிமெண்டுத் தரை, ஓட்டுக்கூரை, கூரைக்கடியில் வெள்ளைத் தட்டி. அக்கா எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு மாதம் கழித்து அலுவலகத்துக்கு அவரிடமிருந்து அழைப்பு. "ஏம்மா, காலையில மழ பேஞ்சுச்சா? இங்க ஒரு சத்தமும் கேக்க மாட்டேங்குது. எந்திரிச்சுப் பாத்தா தர காஞ்சு கெடக்கு, பேஞ்சுச்சா இல்லையான்னு தெரியல. உங்க மிஷினக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன்." எத்தனை வருடம் தகரக்கூரைக்குக் கீழே தூங்கியவர்! வீட்டை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த எனக்கு, அவர் காதிலிருந்து எதை எடுத்துவிட்டோம் என்று அன்றுதான் உறைத்தது. கேட்டுச் சொன்னேன், கோலா பிலா வட்டாரத்தில் மழை என்று. "வட்டாரத்துல பேஞ்சா எனக்கென்ன, என் கூரையில பேஞ்சுச்சான்னு சொல்லு" என்று சிரித்தார்.

அக்கா போய்ச் சில மாதங்களாகின்றன. காரியம் முடிந்து மகள் வந்து, "அம்மா உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாங்க" என்று, வழக்கு முடிந்ததும் நாங்கள் திருப்பிக் கொடுத்திருந்த மஞ்சள் பையை மேசைமேல் வைத்தார். பழைய பதினொன்றுடன், புது வீட்டில் மாட்டியிருந்த நாள்காட்டியும் இருந்தது. முதல் மூன்று மாதங்கள் வெறுமை. நாலாம் மாதத்திலிருந்து வட்டங்கள், மழை நாள் ஒன்றையும் விடாமல். எப்படி என்று கேட்டேன். மகள் லேசாகச் சிரித்தார். படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே, கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில், அக்கா தன் பழைய பால்வாளியைக் கவிழ்த்துவைத்திருந்தாராம். இரண்டு சொட்டு விழுந்தாலே டங் டங் என்று அடிக்கும், எழுந்து உட்கார்ந்துவிடுவாராம்.

அந்த நாள்காட்டியை மட்டும் பைக்குள் திருப்பி வைக்கவில்லை. பை தொங்கும் ஆணிக்குப் பக்கத்தில், சாமி நிமிர்ந்து நிற்க, சுவரில் மாட்டினேன். கடைசி வட்டத்துக்கு அடுத்த கட்டம் காலியாக இருந்தது. அக்கா போனது அன்று விடிகாலையில்.

"அன்னைக்கு மழயா?" என்று மகளைக் கேட்டேன்.

"வாளி அடிச்சுக்கிட்டே இருந்துச்சுக்கா."

நீலப் பேனாவை எடுத்து வட்டம் போட்டேன்.