பாதி எரிந்த மெழுகுவர்த்தி

நாளை சைகோனுக்கு விமானம் ஏற வேண்டும். உறவினர்கள் புதுச்சேரியில் காட்ட நினைத்ததையெல்லாம் காட்டிவிட்டார்கள். கடைசி நாளுக்கு மிச்சமிருப்பது வில்லியனூருக்குப் பக்கத்தில் அப்பாவின் கல்லறை மட்டும். சைகோனிலிருந்து நோயோடு ஊர் திரும்பிய அவரைப் புதைத்துப் பல வருடங்கள் ஆகின்றன; நான் இப்போதுதான் வர முடிந்தது, இடம் தெரிந்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை.

இன்று கல்லறைத் திருநாள். கல்லறைத் தோட்டம் முழுக்கப் புதுச் சுண்ணாம்பும் சாமந்தியும் மணக்கின்றன. சுற்றிச் சுற்றி வந்தும் அப்பாவின் பெயர் கண்ணில் படவில்லை. நடுவிலிருக்கும் பெரிய சிலுவையடியில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கும் பெண் நிமிர்ந்து பார்க்கிறாள்.

“இன்னாம்மா தேடற?”

“அப்பா கல்லறையை. மரச்சிலுவை நட்டதா எழுதியிருந்தாங்க.”

“மரம் எத்தினி மழைக்கு நிக்கும்? இங்கியே ஏத்திடு. எடம் தெரியாதவங்களுக்கெல்லாம் இந்தச் சிலுவையாண்டதான் ஏத்துவோம். எந்த ஊரு நீ?”

“சைகோன்.”

அவள் என்னையே பார்க்கிறாள்.

“எங்கண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்துல சேந்து அங்கதாம்மா போச்சி. அங்கியே செத்துடுச்சி. எங்க பொதைச்சாங்கன்னு யாரும் சொல்லல.”

என் மெழுகுவர்த்தியை அவளுடையதில் பற்றவைத்து அப்பாவுக்காக நடுகிறேன். அவள் தன்னுடையதை ஊதி அணைத்து, பிடுங்கி, சூடு ஆறுமுன்பே என் கையில் வைக்கிறாள்.

“பாதி இங்க எரிஞ்சிடுச்சி. மீதிய அங்க ஏத்திடும்மா.”

“உங்க அண்ணனை எங்கேன்னு தேடுவேன்?”

“தேடாத. அங்கியும் நடுவுல ஒரு பெரிய சிலுவ இருக்குமில்ல?”