ரேடியேட்டரில் மஞ்சள்தூள்: கொழும்பிலிருந்து மஸ்கெலியாவுக்கு ஏழரை மணி நேரம்

கொழும்பிலிருந்து மஸ்கெலியாவுக்குக் காரில் போக ஐந்து மணி நேரம் தாராளம். எங்களுக்கு ஏழு மணி நேரமும் முப்பத்தைந்து நிமிடமும் ஆனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை. பழைய காரை மலைப்பாதையில் ஏற்றப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். இடையிடையே திட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போனது ஒரு புதன்கிழமை. மஸ்கெலியாவுக்கு மேலே நாங்கள் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில், ஏழு பேர்ச் அளவுள்ள சின்னக் காணியில் அம்மாவுக்கு ஒரு வீடு கட்டி முடிந்திருந்தது. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர் அவர். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் ஒரே காம்பரா அறைக்குள் அண்ணனையும் என்னையும் வளர்த்தார். முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு கொழும்பில் என்னோடு இருக்கிறார். புது வீட்டில் பால் காய்ச்ச நல்ல நேரம் 10.45 முதல் 11.45 வரை. சொந்த வீட்டின் முதல் அடுப்பை அம்மா கையால் பற்றவைக்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் திட்டம்.

அதிகாலை 4.45க்கு அம்மாவும் நானும் கிளம்பினோம். அவிசாவளையில் தேநீர். கித்துல்கலையைத் தாண்டும்போது மணி ஏழு, ஓடியது ஏறக்குறைய 90 கிலோமீற்றர். அதுவரை ஒரு குறையும் இல்லை. ஏற்றம் தொடங்கியதும் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டியது. ஏசியை நிறுத்தினேன். ஹீட்டரை முழுதாகத் திறந்தேன். அது இயந்திரச் சூட்டில் கொஞ்சத்தைக் காருக்குள் இழுத்துக்கொள்ளும். உள்ளே வெந்தோம், ஆனாலும் 7.25க்கு முள் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டி நாற்பது நிமிடம் ஆறவிட்டேன். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

மெல்ல ஊர்ந்து கினிகத்தேனையில் ஒரு கராஜுக்குப் போனேன். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் என்னைப் பார்த்துச் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஆம்பிளை யாரும் வரலையா?" என்பதுதான். கார் ஓட்டி வந்தது நான், சாவி என் கையில் இருக்கிறது, மனிதர் என் தோளுக்குப் பின்னால் ஆள் தேடுகிறார். பொனட்டைத் திறந்து எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஹெட் கெஸ்கட் போயிருக்கும், ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார். இயந்திர எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். சிரித்தார். எண்ணெய் அளவுகோலை நானே இழுத்துப் பார்த்தேன். எண்ணெய் சுத்தமாக இருந்தது, கெஸ்கட் போனதற்கான அறிகுறி இல்லை. அரை மணி நேரம் வீண். வாயில் வந்ததைச் சொல்லாமல் கிளம்பியதற்கு அம்மா பக்கத்தில் இருந்தது மட்டுமே காரணம்.

நோட்டன் பிரிட்ஜ் பாதையில் எட்டு கிலோமீற்றர் போயிருப்போம். 9.15க்கு முள் மறுபடியும் சிவப்பில். இந்த முறை ஒரு பீலிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். மலையிலிருந்து வரும் தண்ணீர் குழாய் வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. சிறிது நேரத்தில் கொழுந்து ஏற்றப் போகும் லொறி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் செல்வராஜ் அண்ணனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் யாரையும் தேடவில்லை, என்னிடமே கேட்டார்.

"ஃபேன் சுத்துதா தங்கச்சி?"

"சுத்துதுங்க. தண்ணியும் இருக்கு."

கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மேல் ஹோஸைத் தொட்டார், நெருப்பு. கீழ் ஹோஸைத் தொட்டார், வெதுவெதுப்புக்கூட இல்லை. "மேல வர்ற தண்ணி கீழ எறங்கல. உள்ளுக்க அடைச்சிருக்கு" என்றார். ஆறிய பிறகு மூடியைத் திறந்து, விரலை உள்ளே விட்டு எடுத்து முகர்ந்தார். திரும்பி என்னைப் பார்த்தார்.

"யாரு இதுல மஞ்சத்தூள் போட்டது?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் அண்ணன் மூன்று வாரத்துக்கு முன் காரை இரவல் வாங்கிப் போயிருந்தான். வீட்டு வேலைகளுக்காக முந்தின நாளே தோட்டத்துக்குப் போயிருந்த அவனை அங்கிருந்தே தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"லீக் ஆச்சு, ரெண்டு பாக்கெட் போட்டேன். லீக் நின்னுச்சில்ல? எல்லாரும் செய்றதுதானே" என்றான்.

ஆமாம், எல்லோரும் செய்கிறார்கள். எங்கள் ஊரில் ரேடியேட்டர் ஒழுகினால் கடைக்கு ஓடி மஞ்சள்தூள் பாக்கெட் வாங்குவதுதான் முதல் வைத்தியம். தூள் ஊறிப்போய் ஓட்டையை அடைக்கும். ஓட்டையோடு சேர்த்து மெல்லிய குழாய்களையும் அடைக்கும். கொழும்பின் சமதரையில் தெரியாது, ஏற்றத்தில்தான் வண்டவாளம் தெரியும். போட்டதுதான் போட்டாய், திருப்பித் தரும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? காரில் உட்கார்ந்திருக்கிற முழங்கால் வலிக்காரி உன் அம்மா இல்லையா?

செல்வராஜ் அண்ணன் கீழ் ஹோஸைக் கழற்றினார். பீலிக் குழாயில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, கீழிருந்து மேலாகத் தண்ணீரைத் தள்ளினார். மஞ்சள் சேறு கட்டிகட்டியாக வந்தது. நாலாவது தடவைதான் தெளிந்த தண்ணீர் வந்தது. ஹோஸைப் பூட்டி, நீர் நிரப்பி, மூடியைத் திறந்தபடியே இயந்திரத்தை ஓடவிட்டுக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினோம். மணி 10.55. பணம் வாங்க மறுத்துவிட்டார்.

"இப்ப பழைய லீக் திரும்ப வரும். அஞ்சு கிலோமீட்டருக்கு ஒருக்கா நிறுத்தி ஊத்துங்க. அவசரப்பட்டா இஞ்சின் போயிரும்" என்றார்.

மீதி 24 கிலோமீற்றர். நிற்காமல் போனால் 11.45க்கு வாசலில் இருந்திருப்போம். நின்று நின்றுதான் போனோம். 11.30க்கு அண்ணன் கூப்பிட்டு, பால் காய்ச்சும் சடங்குக்கு வந்த ஐயர் அடுத்து வேறொரு வீட்டுக்குப் போக வேண்டுமாம் என்றான். காத்திரு என்றேன். சரி என்றான்.

ஆலோசனைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதற்குப் பிறகு சொல்ல மனம் வராது. ஒழுகினால் ஒட்டவையுங்கள், அல்லது ரேடியேட்டரை மாற்றுங்கள். மஞ்சள், சவர்க்காரம் எதுவும் வேண்டாம். மலை ஏறும் முன் மூடியைத் திறந்து நீரின் நிறத்தைப் பாருங்கள். ஐந்து லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள். மேல் ஹோஸ் சுட்டு, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு, அல்லது தேமோஸ்டாட் வால்வு திறக்கவில்லை. காரை யாருக்காவது இரவல் கொடுத்தால், திரும்பி வந்ததும் பொனட்டைத் திறந்து பாருங்கள். கூடப்பிறந்தவன் என்றால் இரண்டு தடவை பாருங்கள்.

12.20க்குப் போய்ச் சேர்ந்தோம். ஐயர் போய்விட்டார். அண்ணி பால் காய்ச்சி முடித்திருந்தார், வந்தவர்கள் எல்லோரும் குடித்தும் முடித்திருந்தார்கள். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போனார். அடுப்பைத் துடைத்தார். மிச்சப் பாலைக் கேட்டு வாங்கி ஒரு சட்டியில் ஊற்றினார்.

"அம்மா, இப்ப ராகு காலம். ஒன்றரைக்குத்தான் முடியும்" என்றான் அண்ணன்.

"காம்பராவுல நாப்பது வருசம் அடுப்பு பத்த வச்சேன். அப்ப யாரு எனக்கு நேரம் பாத்தா?"

அண்ணன் தீப்பெட்டியை எடுத்து நீட்டினான். அம்மா அதை வாங்கிக்கொண்டார்.

"நீ வெளிய நில்லு" என்றார்.

அண்ணன் வாசலுக்குப் போய் வெயிலில் நின்றான். பால் பொங்கி வழியும்வரை அவனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை, நானும்தான்.